உடம்பை இலேசாக்கும் மெசின்: வீட்டுச் சாய்பலகை பற்றி ஒரு தொடக்க விளக்கம்

திருகோணமலையில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் நடைதான். விடியற்காலையில் பிரடெரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் படுத்திருக்கும் வீதியால் கோணேசர் கோயில் ஏற்றம் வரை போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். உட்துறைமுக வீதியில் கை வீசி நடக்கிறவர்களும் உப்புவெளி மணலில் வெறுங்காலோடு நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பாதி வேலை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. அதோடு, கிழமைக்கு இரண்டு நாளாவது உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் வரியை எல்லோரும் கேட்டிருக்கிறோம். இரண்டாவது வரிதான் காதில் ஏறவில்லை.

நடக்கும்போது கை எதையும் தள்ளுவதில்லை, எதையும் இழுப்பதில்லை. முதுகும் தோளும் நெஞ்சும் சும்மா கூட வருகின்றன. போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வந்து நடையையும் நிறுத்திவிடும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்றின் வெக்கை காலை எட்டு மணிக்கே வீட்டுக்குள் துரத்தும். அப்போதுதான் பலர் வீட்டு மெசின் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். கைபேசியில் விளம்பரங்களும் சரியாக அந்த நேரம் பார்த்து வரும்.

அந்த விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஒரு வகை, இரும்புத் தட்டு இல்லாத மெசின். நீளமான இரண்டு தண்டவாளங்கள், அவற்றில் சில்லுகளின் மேல் ஓடும் ஒரு பலகை, ஒரு பக்கத்தை உயர்த்திப் பிடிக்கும் தூண், கைப்பிடியோடு இரண்டு கயிறு. பாவித்து முடிந்ததும் மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடலாம். டோட்டல் ஜிம் என்ற பெயரில் 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் இந்த வகையைப் பிரபலமாக்கியது. நடிகர் சக் நோரிஸ் அதில் படுத்து இழுக்கும் தொலைக்காட்சி விளம்பரம் 1990களில் உலகமெல்லாம் ஓடியது. இன்று அதே அமைப்பில் வேறு வேறு பெயர்களில் மெசின்கள் கிடைக்கின்றன. தமிழில் இதைச் சாய்பலகை மெசின் என்று சொல்லலாம், பார்த்தவுடன் விளங்கும்.

விற்பவர்கள் சொல்வது, 'உங்கள் உடம்பே எடை.' அது பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டதும் 60 கிலோ உடம்பு என்றால் 60 கிலோவைத் தூக்கப் போகிறோம் என்ற எண்ணம் வருகிறது. நடப்பது நேர்மாறு. இந்த மெசின் உங்கள் உடம்பை உங்களுக்கு இலேசாக்கித் தருகிறது. எவ்வளவு இலேசாக்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். இது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நிமிர்ந்து நிற்கும்போது உடம்பின் முழுப் பாரமும் பாதத்தில். தரையில் மல்லாந்து படுத்தால் பாதத்தில் பாரமே இல்லை, முழுவதையும் தரை தாங்குகிறது. சாய்வில் படுத்தால் இரண்டுக்கும் நடுவே. பாரத்தின் ஒரு பங்கைப் பலகை தாங்கும், மிச்சம் உங்களைக் கீழே சறுக்கப் பார்க்கும். அந்த மிச்சத்தைத்தான் தசை தள்ளவோ இழுக்கவோ வேண்டும்.

மிச்சம் எவ்வளவு என்று அறியக் கணிதப் புத்தகம் தேவையில்லை. அளவு நாடா போதும். தண்டவாளத்தின் உயர்ந்த முனை, தாழ்ந்த முனையை விட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதைத் தண்டவாளத்தின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். நீளம் 2 மீட்டர், உயரம் 20 சென்ரிமீட்டர் என்றால் பத்தில் ஒன்று. 60 கிலோ ஆளுக்குக் காலில் வருவது 6 கிலோ. உயரம் 50 சென்ரிமீட்டர் என்றால் கால்வாசி, 15 கிலோ. ஒரு மீட்டர் என்றால் பாதி, 30 கிலோ. பலகையின் எடையிலும் அதே பங்கு இதோடு சேரும், அது பெரிய வித்தியாசம் இல்லை. பாதிப் பாரம் என்றதும் 45 பாகைச் சாய்வு வேண்டும் என்று மனம் சொல்லும். உண்மையில் 30 பாகையிலேயே பாதி வந்துவிடுகிறது. 45 பாகையில் பத்தில் ஏழு பங்குக்குப் போய்விடும்.

தரையில் செய்யும் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் இதன் பெறுமதி தெரியும். சாதாரண தண்டால் எடுக்கும்போது கையில் வருவது உடம்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 40 கிலோ. கம்பியில் தொங்கி மேலே எழுந்தால் முழு 60. இருபது வருடம் மேசைக்குப் பின்னால் இருந்து வேலை செய்த ஒருவரிடம் போய் 40 கிலோவில் தொடங்குங்கள் என்றால் நாலாவது தண்டாலில் நாரி பிடித்துக்கொள்ளும், அதோடு ஆசையும் போய்விடும். அவருக்கு 6 கிலோவில் தொடங்க ஒரு வழி வேண்டும். சாய்பலகை அந்த வழி. மூட்டில் சத்திரசிகிச்சை செய்து எழும்பி வருபவர்களுக்குப் பல நாடுகளின் பிசியோதெரபி நிலையங்களில் இந்த வகைப் பலகையைப் பாவிப்பதும் இதனால்தான். முழுப் பாரத்தையும் ஏற்றாமல் கால் மடக்கி நீட்டப் பழக்கலாம்.

கயிறு வந்ததும் கணக்கு இன்னொரு முறை மாறும். எங்கள் கிணற்றுக் கப்பி மேலே ஒரே இடத்தில் நிற்பது. அது இழுக்கும் திசையை மாற்றுமே தவிரப் பாரத்தைக் குறைக்காது. வாளி 10 கிலோ என்றால் கையிலும் 10 கிலோதான். சாய்பலகை மெசினில் பெரும்பாலும் தூணில் இருக்கும் கப்பிகளோடு பலகையிலும் ஒரு கப்பி இருக்கும், அது பலகையோடு சேர்ந்து நகரும். ஒரே கயிறு அந்த நடுக்கப்பியைச் சுற்றி, இரு பக்கமும் தூணுக்குப் போய், அங்கிருந்து உங்கள் இரண்டு கைக்கும் வருகிறது. நீங்களும் பலகையில் இருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆக, உங்களையும் பலகையையும் மேலே இழுப்பது நான்கு இழைகள், நடுக்கப்பியில் இரண்டும் கைகளில் இரண்டும். நான்கும் சமமாகப் பங்கிடும். கைகளுக்கு வருவது அதில் பாதி. முன்பு சொன்ன 30 கிலோ, கயிற்றால் இழுக்கும்போது இரண்டு கைக்கும் சேர்த்து 15 கிலோ, ஒரு கைக்கு ஏழரை.

இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை. பாரம் பாதியானால் தூரம் இரட்டிப்பாகும். பலகை 30 சென்ரிமீட்டர் ஏற, உடம்பில் இருந்து பார்த்தால் கை 60 சென்ரிமீட்டர் போக வேண்டும். புதிதாகப் படுப்பவர்கள் 'கையை இவ்வளவு இழுத்தும் பலகை கொஞ்சம்தானே ஏறுது' என்று மெசினில் பிழை தேடுவார்கள். பிழையில்லை, அது அப்படித்தான்.

இனி, கையேடுகள் சொல்லாமல் விடும் ஒரு விசயம். தூணில் சம இடைவெளியில் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு படி என்று நினைத்து எல்லாப் படியும் ஒரே அளவு கடினம் கூட்டும் என்று எண்ணுகிறோம். கூடும் கிலோ ஒரே அளவுதான், ஆனால் நீங்கள் ஏற்கனவே தூக்கும் பாரத்தோடு பார்த்தால் அப்படியில்லை. 30 சென்ரிமீட்டரில் இருந்து 40க்குப் போனால் பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். 80இல் இருந்து 90க்குப் போனால் எட்டில் ஒரு பங்குதான் கூடும். அதனால் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஒரு படி ஏறுவது மிகவும் கடினமாகத் தெரியும். 'எனக்கு உடம்பில் சத்து இல்லை' என்று சோர்ந்து போகத் தேவையில்லை. கீழ்ப் படிகளில் கூடுதல் நாள் நில்லுங்கள். ஒரே படியில் 10 தடவை செய்வதை 12, 15 என்று கூட்டி, 15 சுகமாக வந்த பிறகு ஒரு துளை ஏற்றுங்கள். ஏற்றியதும் எண்ணிக்கை 8க்கு இறங்கினால் அது சரியான அளவு.

எடையை விட எனக்கு முக்கியமாகப் படுவது கீழே இறங்கும் பாதி. மேலே தள்ளும்போது தசை சுருங்குகிறது, இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடிக்கிறது. வலு வளர இரண்டும் வேண்டும். பலகையைச் சடாரென்று விட்டுவிட்டால் பாதிப் பயிற்சி போச்சு, தண்டவாளமும் அடிபடும். இறங்கும்போது மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். வெளியே சத்தம் கேட்காமல் பலகை வந்து நின்றால் நன்றாகச் செய்கிறீர்கள்.

இந்தக் குடும்பத்தில் வேறு சாமான்களும் உண்டு. கதவில் மாட்டும் தொங்கு பட்டி மிக மலிவானது, மிகச் சிறியது, பையில் போட்டுக்கொண்டு கொழும்புக்கும் போகலாம். அதிலும் சாய்வுதான் எல்லாம். பட்டியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்கும்போது பாதம் கதவுக்குக் கிட்டப் போகப் போக உடம்பு படுக்கையாகி, பாரம் கூடும். தள்ளிப் போனால் குறையும். ஒன்று மட்டும் கவனம்: கதவு உங்களை விட்டு மறுபக்கமாகத் திறக்கும் பக்கத்தில் நின்று இழுங்கள். அப்போது இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுகும். மாறி நின்றால் கதவோடு சேர்ந்து விழுவீர்கள். பழைய மரநிலை என்றால் கறையான் இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பாருங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையின் சலாகையில் கட்டித் தொங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தொங்கிப் பயிற்சி செய்யும் இரும்புக் கோபுரம் நல்ல சாமான்தான், ஆனால் அது உடம்பை இலேசாக்காது, முழுப் பாரத்தையும் தரும். தொடக்கக்காரருக்கு அது பெரும்பாலும் துவாய் காயப்போடும் இடமாகிவிடும். ரப்பர்ப் பட்டியால் இயங்கும் மெசின்களில் இழுக்க இழுக்க இறுக்கம் கூடும், தொடக்கத்தில் இலேசாகவும் முடிவில் கடினமாகவும் இருக்கும். கச்சான் காலத்து வெயில் படும் இடத்தில் வைத்தால் ரப்பர் வெடித்துப் போகும். எண்ணெய் உருளை உள்ள மெசின்களில் வேகமாகத் தள்ளினால் கடினம், மெதுவாகத் தள்ளினால் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது பெரும்பாலும் பாரமே இருக்காது. நான் மேலே சொன்ன இறங்கும் பாதி அங்கே கிடைக்காது. இவற்றோடு ஒப்பிட்டால் சாய்பலகை நேர்மையான மெசின். போகும்போதும் வரும்போதும் அதே பாரம்.

வயிற்றுக்கென்று விற்கும் முழங்கால் சறுக்கு மெசின்களைப் பற்றி ஒரு வரி. வயிற்றுத் தசை பலமாகும், ஆனால் வயிற்றுக் கொழுப்பை அந்த இடத்தில் மட்டும் கரைக்க எந்த மெசினாலும் முடியாது.

யாருக்கு இது சரிவரும்? புதிதாகத் தொடங்குபவர், ஐம்பது தாண்டியவர், ஜிம்முக்குப் போக நேரமோ மனமோ இல்லாத பெண்கள், முழங்கால் நோவால் நின்று குந்த முடியாதவர். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு இலாபம் உண்டு. வேலை செய்யும் தசை இரத்தத்தில் இருக்கும் சீனியை எடுத்துக்கொள்ளும். இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவர்களுக்கு இதனாலேயே சீனி மளமளவென்று இறங்கிவிடவும் கூடும். வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம், டொக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ஏற்கனவே மெக்கெய்சர் மைதானத்தில் உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருக்கும் இளம் பெடியனுக்கு இது போதாது. கால் பயிற்சிக்கு அவனுக்கு முழுச் சாய்வும் இலேசாகத்தான் இருக்கும். ஒற்றைக் காலால் தள்ளினால் பாரம் இரட்டிப்பாகும், அதோடு கொஞ்சக் காலம் ஓட்டலாம். அதற்குப் பிறகு அவனுக்கு இரும்புதான்.

தொடங்கும்போது நான்கு அசைவு போதும். கையேட்டில் எண்பது இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தலை மேல்பக்கம் இருக்க மல்லாந்து படுத்து, கீழே உள்ள தட்டில் பாதத்தை வைத்து முழங்காலை மடக்கி நீட்டுவது ஒன்று. தூணைப் பார்த்து இருந்துகொண்டு கயிற்றை விலா வரை இழுப்பது இரண்டு. தூணுக்கு முதுகு காட்டி இருந்துகொண்டு நெஞ்சில் இருந்து முன்னே தள்ளுவது மூன்று. பலகையில் முழங்கையை ஊன்றி, உடம்பைப் பலகை போல நேராகப் பிடித்துக்கொண்டிருப்பது நான்கு. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. நாலாவதை மட்டும் தடவைக் கணக்கில்லாமல் முடிந்த அளவு விநாடி பிடியுங்கள். எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலத்துக்குள் முடியும். கிழமையில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. கடைசித் தடவை முடியும்போது இன்னும் இரண்டு செய்யலாம் போல இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் கை நடுங்கினால் துளையை இறக்குங்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் அந்த நேரம் பிரசர் மேலே பாயும். தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறங்கும்போது இழுங்கள். பிரசர் உள்ளவர்களும் கண்ணில் அழுத்த வருத்தம் உள்ளவர்களும் தலை கீழ்ப்பக்கம் இருக்கும் அசைவுகளைத் தவிர்க்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று, மூட்டுக்குள் குத்து என்று ஏதாவது வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். அடுத்த நாள் தசை கொஞ்சம் நோவது வேறு, அது இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

சாரத்தோடு ஏற வேண்டாம். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் சாரத்தின் கரையும் சோட்டியின் விளிம்பும் அவிழ்த்த கூந்தலும் சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் போய் மாட்டும். காற்சட்டை போடுங்கள், முடியை முடிந்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாவித்து முடிந்ததும் மடித்துப் பூட்டுங்கள். ஓடும் பலகைக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கப் பிள்ளைக்கு ஆசை வராமல் இருக்காது.

இடத்தைப் பொறுத்தவரை விரித்த மெசின் பெரும்பாலும் இரண்டரை மீட்டர் நீளம் கேட்கும், கை இரு பக்கமும் விரிய அகலமும் வேண்டும். ஹோலில் கதிரைகளை ஒதுக்கினால் அநேக வீடுகளில் கிடைக்கும். டைல்ஸ் தரையில் மெசினின் கால் வழுக்கும். கீழே ரப்பர் விரிப்புப் போடுங்கள். பன்னோலைப் பாய் போட்டால் பாயும் சேர்ந்து வழுக்கும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு பிரச்சினை உண்டு: மூன்று பக்கமும் கடல். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். கடற்கரை வீதியிலோ உப்புவெளியிலோ இருப்பவர்கள் கடல் பார்த்த விறாந்தையில் மெசினை விட்டுவைத்தால் நிறப்பூச்சில் விழும் முதல் கீறலில் இருந்து துரு தொடங்கும். உள்ளறையில் வையுங்கள். பயிற்சி முடிந்ததும் வியர்வையை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையும் உப்புத்தானே. உயரம் மாற்றும் ஊசியும் துளைகளும் முதலில் துருப்பிடிக்கும் இடம், அங்கேதான் உங்களைத் தாங்கும் உயர்ந்த முனை நிற்கிறது. மணல் அடுத்த எதிரி. காலில் ஒட்டி வரும் மணல் தண்டவாளத்தில் விழுந்தால் சில்லு கரகரக்கும், பிறகு தேயும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது தூசியையும் மணலையும் பிடித்துப் பிசினாகிவிடும். துடைத்தாலே போதும், அதற்கும் கரகரப்பு நிற்காவிட்டால் சிலிக்கன் தெளிப்பு கொஞ்சம்.

பழைய மெசின் ஒன்றை யாராவது விற்கிறார்கள் என்றால் அது பெரும்பாலும் நல்ல யோகம், அநேகமானவை பாவிக்கப்படாமலே விலைக்கு வருகின்றன. லேபலில் எத்தனை கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், உங்கள் எடைக்கு மேல் தாராளமாக இடைவெளி இருக்க வேண்டும். கயிறு கொக்கியோடு சேரும் இடத்தில் மேலுறை வெடித்து உள்கம்பி தெரிந்தால், கயிறு மாற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். பலகையை வெறுமையாக ஒரு தரம் மேலே தள்ளி விட்டுப் பாருங்கள், நடுவில் எங்காவது தடக்கினால் தண்டவாளம் வளைந்திருக்கலாம். பிறகு காசு கொடுக்கும் முன் வெட்கப்படாமல் அந்த வீட்டிலேயே ஏறிப் படுத்து, மிகத் தாழ்ந்த துளையில் பத்துத் தரம், மிக உயர்ந்த துளையில் மூன்று தரம் தள்ளிப் பாருங்கள்.